வேலி போட வருபவர் ஆபத்துக்கும் வரவேண்டும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நமது மாவட்டத்தில் எத்தனை தேசிய பூங்கா இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் யால, வில்பத்து என்று தெற்குப் பக்கம் போய்விடுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். ஆனால் 2015 ஜூன் 22 முதல் நம் வாசலிலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று நெடுந்தீவு, 1,846 ஹெக்டேயர். மற்றது சுண்டிக்குளம், 19,565 ஹெக்டேயர். வடமராட்சி கிழக்கின் கடைசியில் தொடங்கி கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமாக விரிந்து கிடக்கும் களப்பும் மணலும் பற்றைக்காடும் சேர்ந்த நிலம் அது. பூநாரை பார்க்கவென்று நம் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கூட்டமாகப் போய்வருவது அங்கேதான்.

சுண்டிக்குளம் 1938 பெப்ரவரியிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அப்படியானால் 2015இல் புதிதாக என்ன நடந்தது, பெயர்தானே மாறியது என்று சிலர் கேட்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், மக்கள் குடியிருக்கலாம், போய்வரலாம். விலங்குக்கும் பறவைக்கும் கெடுதல் செய்யக் கூடாது, அவ்வளவுதான். தேசிய பூங்கா வேறு. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். விறகு பொறுக்குவது, மாடு சாய்ப்பது, வலை வீசுவது எல்லாம் வழக்காகலாம். நேற்றுவரை அப்பாவும் பாட்டனும் இறால் பிடித்த அதே தண்ணீரில் இன்று மகன் இறங்கினால் அவன் சந்தேகநபர்.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் வனஜீவராசிகள் உத்தியோகத்தர். ஊரில் "வைல்ட்லைப்காரர்" என்று சொல்வோமே, அவர்தான். 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவருக்குப் பொலிஸாருக்கு இருப்பது போன்ற அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், சோதனை போடலாம், படகையும் வாகனத்தையும் துவக்கையும் பறிமுதல் செய்யலாம், நீதவான் முன் கொண்டுபோய் நிறுத்தலாம்.

அந்த அதிகாரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அது இல்லாவிட்டால் சுண்டிக்குளத்தில் இன்று ஒரு தாராவும் மிஞ்சாது. எங்கள் கேள்வி வேறு. சட்டத்தோடு வருகிற அந்த உத்தியோகத்தர், ஆபத்து நேரத்திலும் வருகிறாரா? வருவதற்கு அவருக்கு வாகனம், வள்ளம், ஆள், மருந்து, மொழி எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கிறதா? இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மக்களின் ஒத்துழைப்பைக் கேட்பது நடக்கிற காரியமா?

2018 ஜூன் 21ஐ நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சி அம்பாள்குளம். ஊருக்குள் சிறுத்தை ஒன்று வந்துவிட்டது. வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப் பேர் வரை காயப்பட்டதாகச் செய்திகள் வந்தன. கடைசியில் சனம் திரண்டு பொல்லாலும் தடியாலும் அதை அடித்தே கொன்றது. செத்த விலங்கோடு செல்ஃபி எடுத்தார்கள். காணொளி நாடு முழுக்க ஓடியது. அந்தக் காணொளியை வைத்தே பிறகு ஆட்களைப் பிடித்தார்கள்.

தெற்கில் இருந்தவர்கள் "வடக்குச் சனம் காட்டுமிராண்டிகள்" என்றார்கள். இங்கே இருந்தவர்கள் "உங்கள் பிள்ளையைக் கடித்திருந்தால் தெரியும்" என்றார்கள். இரண்டு பக்கமும் கத்தியதில் முக்கியமான விடயம் அமுங்கிப்போனது.

ஊருக்குள் வந்த சிறுத்தையை உயிரோடு பிடிப்பது ஒருவர் செய்யும் வேலை அல்ல. மயக்க ஊசி போட மிருக வைத்தியர் வேண்டும். விலங்கின் எடையைக் கணித்து அவர்தான் மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். கூடினால் விலங்கு சாகும், குறைந்தால் ஆளைக் கிழிக்கும். ஊசி பட்ட உடனே அது விழுந்துவிடுவதும் இல்லை. மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நிமிடங்களில் சுற்றிவர ஐந்நூறு பேர் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றால் யாருக்கு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சனத்தை ஒதுக்கப் பொலிஸ் வேண்டும், வலை வேண்டும், கூடு வேண்டும், இவர்களையெல்லாம் ஒன்றாக நடத்த ஒரு பொறுப்பாளர் வேண்டும். இவ்வளவும் மணித்தியாலக் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்தைக் கூட்டம் நிரப்பும். கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே வழி பொல்லு.

சிறுத்தையைக் கொன்றது குற்றம். அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதைக் கொல்லாமல் தடுத்திருக்கக்கூடிய ஏற்பாடு அன்று அந்த ஊரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவில்லை என்பதும் உண்மை. வழக்குப் போடும் கை நீளமாகவும் காப்பாற்றும் கை கட்டையாகவும் இருக்கும்வரை இன்னொரு அம்பாள்குளம் எங்கேயும் நடக்கலாம்.

வெள்ளத்துக்கு வருவோம். இரணைமடுவின் வான்கதவு திறந்தால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் ஓடி எங்கே போகிறது? சுண்டிக்குளம் களப்புக்கு. களப்பின் வாய் கடலுக்குத் திறக்காவிட்டால் தண்ணீர் திரும்பி ஊர்களுக்குள் ஏறும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்டபோது, சுண்டிக்குளம், சாலைப் பகுதியில் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் வேலைக்கு இறங்கிய கடற்படை வீரர்கள் ஐந்து பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. எந்த ஊர்ப் பிள்ளைகளோ, நம் மாகாணத்துச் சனத்தின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறக்கூடாது என்று இறங்கி உயிரை விட்டார்கள். அவர்களின் தாய்மாருக்கு ஆறுதல் கிடைக்கட்டும் என்று நாம் எல்லோரும் பிரார்த்திக்க வேண்டும்.

அந்தச் சம்பவம் ஒரு விடயத்தையும் காட்டுகிறது. தேசிய பூங்கா என்று வரைபடத்தில் பச்சை பூசிய இடம் மனிதர் இல்லாத இடம் அல்ல. அதன் ஓரத்தில் ஊர் இருக்கிறது, அதன் தண்ணீரில் தொழில் இருக்கிறது, புயல் வந்தால் முதலில் அடிபடுவதும் அந்த ஊர்கள்தான். 2004 சுனாமியில் வடமராட்சி கிழக்குக் கரை பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. களப்பின் ஆழம் எங்கே, சேறு எங்கே, நீரோட்டம் எந்தப் பக்கம், முதலை எங்கே கிடக்கும் என்பதெல்லாம் அங்கே நாளாந்தம் ரோந்து போகும் உத்தியோகத்தருக்கும் அந்த ஊர்க் கடற்றொழிலாளருக்கும் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், புயல் நாளில் அந்த அறிவு யாருக்குப் பயன்படும்?

நெடுந்தீவின் கதை இன்னொரு வகை. அங்கே ஆபத்து சத்தம் போடாமல் வரும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து நின்றுபோன குதிரைகள் வறட்சியில் தண்ணீர் இல்லாமல் சாகின்றன. தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்புவதும் அவசர உதவிதான். குறிகட்டுவானிலிருந்து கடல் தாண்டிப் போக வேண்டிய தீவில், தண்ணீர் வற்றிய பிறகு கடிதம் எழுதி பவுசருக்குக் காத்திருப்பது உதவியாகாது.

யாழ்ப்பாணத்தில் நாலு முஸ்லிம் குடும்பம், உங்களுக்கு ஏன் இந்தக் காட்டுக் கதை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சொல்கிறோம்.

1990 ஒக்டோபர் 30இல் சோனகத்தெருவிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகம் நாங்கள். ஆள் இல்லாத காணிக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதே மாதத்தில் வெளியேற்றப்பட்ட முசலிப் பிரதேச உறவுகள் இருபது வருடம் கழித்துத் திரும்பியபோது வளவுகளில் மரம் நின்றது. 2012 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. 2017 மார்ச்சில் மாவில்லு வன ஒதுக்கமும் வந்தது. "வில்பத்துவை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள்" என்ற பிரசாரமும் வந்தது. வழக்கும் வந்தது, 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறுப் பக்கத்தில் மீண்டும் மரம் நட உத்தரவிட்டது. எது காடு, எது ஊர் என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். அங்கே இருந்தது வனவளத் திணைக்களம், இங்கே வனஜீவராசிகள் திணைக்களம் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பாடம் பொதுவானது: சனம் ஊரில் இல்லாதபோது, அல்லது இருந்தும் கேட்கப்படாதபோது, எங்கோ இருந்து கீறிய கோடு ஒருநாளும் சமாதானமான எல்லை ஆகாது. சுண்டிக்குளத்தில் காணி எல்லை குறித்து எழும் முறைப்பாடுகளைக் கேட்கும்போது எங்களுக்கு முசலிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே கஷ்டப்படுபவர் தமிழ்க் கடற்றொழிலாளர் என்பதால் அது எங்களுடைய பிரச்சினை இல்லை என்று ஆகிவிடாது.

இயற்கையைப் பாதுகாக்கும் சட்டம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவைச் சுற்றி மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை செய்த எல்லையை ஏற்படுத்தினார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் "ஹிமா" என்று ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் இருந்தது. அதைக் காக்க ஹுனை என்ற ஒருவரை நியமித்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அவர் ஒரு ரேஞ்சர். அவருக்கு உமர் (ரலி) கொடுத்த கட்டளை புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: சனத்தின் மேல் கையை ஓங்காதே, அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்குப் பயந்துகொள், சில ஒட்டகமும் சில ஆடும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு, இப்னு அவ்ஃபின் மந்தையிலும் இப்னு அஃப்பானின் மந்தையிலும் கவனமாயிரு.

அந்த இருவரும் யார்? சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பெரும் ஸஹாபாக்கள். ஆனால் செல்வந்தர்கள். அவர்களின் கால்நடை செத்தால் அவர்களுக்குத் தோட்டம் இருக்கிறது, பேரீச்சை இருக்கிறது. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலுக்கு வருவான் என்று உமர் (ரலி) காரணமும் சொன்னார்கள். வேலியை எடுக்கச் சொல்லவில்லை. வேலியைக் காப்பவன் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள்.

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். தோளில் வலையோடு களப்பில் இறங்குபவனைப் பிடிப்பது இலேசு. அவனிடம் ஓடுவதற்கு வாகனமும் இல்லை, பேசுவதற்குச் சட்டத்தரணியும் இல்லை. இரவில் டிப்பரில் மணல் ஏற்றுபவனைப் பிடிப்பது இலேசல்ல. அவனுக்கு முன்னால் போய் வழி பார்க்க ஆள் இருக்கிறது, தொலைபேசி எடுத்தால் பேச ஆள் இருக்கிறது. பூங்காவுக்குள் சட்டம் நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், நீதிமன்றத்துக்குப் போன வழக்குகளில் வலைக்காரர் எத்தனை, டிப்பர்காரர் எத்தனை என்று எண்ணினால் போதும்.

உத்தியோகத்தர் பக்கத்தையும் பேசாமல் விடுவது நியாயமில்லை. ஒவ்வொரு வருடமும் ஜூலை 31 உலக ரேஞ்சர்கள் தினம். உலகெங்கும் கடமையில் செத்துப்போன காவலர்களை நினைக்கும் நாள். கொங்கோ நாட்டின் விருங்கா தேசிய பூங்காவில் 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் 12 ரேஞ்சர்கள் கொல்லப்பட்டார்கள். நம் நாட்டில் யானையிடமும் வேட்டைக்காரரின் துவக்கிடமும் அகப்படும் ஆபத்தோடுதான் அவர்கள் இரவில் போகிறார்கள். வடக்குக்கு மாற்றலாகி வரும் பலர் சிங்களம் மட்டும் பேசுபவர்கள். வீட்டிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பாஷை தெரியாத ஊரில், எல்லையே தெளிவில்லாத பூங்காவில், எல்லோருடைய கோபத்துக்கும் முகம்கொடுத்து நிற்பது சின்ன வேலை அல்ல. குறை அந்தத் தனி மனிதரிடம் இல்லை. அவரை அப்படி விட்டுவைத்த ஏற்பாட்டில் இருக்கிறது.

மாற்ற முடியுமா? மாற்றியவர்கள் இருக்கிறார்கள். கேரளாவின் தேக்கடியில், பெரியார் புலிகள் காப்பகத்தில், காட்டுக்குள் களவாக மரப்பட்டை உரித்து விற்று வந்தவர்களை 1990களின் பிற்பகுதியில் கூப்பிட்டுப் பேசி, வழக்குகளிலிருந்து வெளியே வர வழி செய்து, சுற்றுலா வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரராகவும் ஆக்கினார்கள். திருட்டுப் பாதை தெரிந்தவனே திருட்டைத் தடுத்தான். தமிழ்நாட்டின் முதுமலையிலும் ஆனைமலையிலும் பழங்குடி மக்களே வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை செய்கிறார்கள். சுண்டிக்குளத்தில் களப்பை அறிந்த இளைஞர்கள் வேலையில்லாமல் இருக்கும்போது நாம் ஏன் இதைக் கேட்கக் கூடாது?

ஆகவே நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிடமும் நாம் கேட்க வேண்டியவை:

1. சுண்டிக்குளம், நெடுந்தீவுப் பூங்காக்களின் எல்லை வரைபடம் தமிழில் ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் தொங்க வேண்டும். எல்லைக்கல் ஊராரை வைத்துக்கொண்டு நடப்பட வேண்டும். குடியிருப்பும் பரம்பரைத் தொழிலிடமும் உள்ளே அகப்பட்டிருந்தால் அந்த எல்லை மீளாய்வு செய்யப்பட வேண்டும்.

2. கிளிநொச்சியையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்துப் பார்க்க, மிருக வைத்தியர், மயக்க ஊசி, வலை, கூடு, வாகனம் எல்லாம் ஒன்றாக உள்ள ஓர் அவசரக் குழு 24 மணித்தியாலமும் தயாராக இருக்க வேண்டும்.

3. களப்பு ஓரத்தில் உயிர்காப்பு அங்கி, வள்ளம், முதலுதவியோடு ஒரு காவல் நிலையம். மாரிக்கு முன்பே இடர் முகாமைத்துவ நிலையம், கடற்படை, வனஜீவராசிகள், கடற்றொழிலாளர் சங்கம் சேர்ந்த ஒத்திகை.

4. உள்ளூர் இளைஞர்களுக்கு, இனமத பேதமின்றி, நிரந்தர நியமனம். அழைப்பை எடுப்பவர் தமிழில் பதில் சொல்ல வேண்டும்.

5. போட்ட வழக்குகளின் விபரம் வருடாவருடம் பகிரங்கமாக வெளியாக வேண்டும்.

கேட்பதோடு நம் கடமை முடியாது. நாமும் செய்ய வேண்டியது இருக்கிறது.

முதலாவது, இலக்கங்களைத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். வனஜீவராசிகள் 1992. பொலிஸ் 119. இடர் முகாமைத்துவம் 117. அம்புலன்ஸ் 1990. (அந்த இலக்கம் எங்கள் வீடுகளில் வேறு ஞாபகத்தைக் கொண்டுவரும். இப்போது உயிர் காக்கவும் உதவுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.)

இரண்டாவது, சிறுத்தையோ முதலையோ ஊருக்குள் வந்தால் பார்க்க ஓடாதீர்கள், கல் எறியாதீர்கள், நேரலை போடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே எடுங்கள், நாயைக் கட்டுங்கள், விலங்கு வந்த வழியால் திரும்பிப் போக இடம் விடுங்கள். சூழ்ந்துகொள்ளப்பட்ட விலங்குதான் பாயும்.

மூன்றாவது, வேட்டை இறைச்சி, ஆமை இறைச்சி, வலையில் பிடித்த வலசைப் பறவை எதையும் வாங்காதீர்கள். நமது கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வாங்க ஆள் இருக்கும்வரை பிடிக்க ஆள் இருக்கும். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்பும், பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்றவளுக்குத் தண்டனையும் கிடைத்த செய்தியைச் சின்ன வயதிலிருந்து மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான்காவது, விடுமுறைக்குச் சுண்டிக்குளம் போகும் தம்பிமாரே, சீட்டு எடுங்கள், நெருப்பு மூட்டாதீர்கள், பாட்டுப்பெட்டியை வீட்டில் வையுங்கள், சோற்றுப் பார்சல் கடதாசியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது, மணல் டிப்பரைக் கண்டால் இலக்கத்தைக் குறித்து அறிவியுங்கள். பயமாக இருந்தால் தனியாகச் செய்யாதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் தர்மகர்த்தா சபை, பங்குத்தந்தை, கடற்றொழிலாளர் சங்கம் நான்கு கையெழுத்தும் ஒரே கடிதத்தில் இருந்தால் அதைக் குப்பைக்கூடையில் போடுவது எந்த அலுவலகத்துக்கும் இலேசல்ல.

சட்டத்தை இறுக்கமாக நடத்தினால்தான் காடு மிஞ்சும் என்று சில சூழலியல் நண்பர்கள் சொல்வார்கள். இறுக்கம் வேண்டும்தான். ஆனால் 19,565 ஹெக்டேயரைச் சுற்றி நிற்க எந்தத் திணைக்களத்திடமும் ஆள் கிடையாது. பக்கத்து ஊரின் கண்தான் உண்மையான காவல். அந்தக் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமானால், வெள்ளத்தில் தன் பிள்ளையைத் தூக்கிவிட்ட கையாக, இரவில் முதலை வந்தபோது ஓடிவந்த காலாக, அந்த உத்தியோகத்தரை அந்த ஊர் அறிந்திருக்க வேண்டும். வழக்குப் புத்தகத்தோடு மட்டும் அவரை அறிந்த ஊர், டிப்பர் போகும்போது கதவைச் சாத்திக்கொள்ளும்.

மாரி தொடங்கினால் பறவைகள் வரும், வெள்ளமும் வரும். அதற்கு முன்னர் இந்தக் கோரிக்கைகளை உங்கள் ஊர்ச் சங்கங்களில் பேசுங்கள். கடிதம் எழுத உதவி தேவையானால் ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம், எழுதித் தருகிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே மரியாதையாகப் பதியுங்கள், பதில் சொல்கிறோம். சுண்டிக்குளத்திலோ நெடுந்தீவிலோ உங்களுக்கு உறவுகள் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்பி, நாங்கள் விட்ட விடயம் என்னவென்று கேளுங்கள்.

நம் ஊரையும் அதன் உயிர்களையும் அதைக் காப்பவர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.